பச்சை விளக்கு எரிந்தது, பேட்டரி நிறையவில்லை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேனை 2020 ஜனவரியில் எடுத்தோம். டிராவலர் வண்டியை வாங்கி, அதை உள்ளே இரண்டு படுக்கை, சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறு பிரிட்ஜ், இரண்டு மின்விசிறி என்று வீடாக மாற்றித் தரும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்த வண்டி அது. அம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. லாட்ஜ் மாடிப்படி ஏற முடியாது, ஆனால் திருச்செந்தூருக்கும் பாபநாசத்துக்கும் குற்றாலத்துக்கும் போகாமல் இருக்கவும் முடியாது. பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால் பிரிட்ஜ் எங்களுக்கு வசதிக்கான பொருளாக இல்லை, அவசியமாக இருந்தது. ஆகவே வண்டியின் பேட்டரி இரவெல்லாம் தாங்குமா என்பதுதான் நான் நிறுவனத்தாரிடம் கேட்ட முதல் கேள்வி. "கன்வெர்ட்டர் நாங்களே பொருத்திக் கொடுத்துவிடுகிறோம், பிளக்கைச் சொருகினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பியதால் இரண்டு பேட்டரிகளை இழந்தேன்.

கன்வெர்ட்டர் என்பது வெளியிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சுவதைக் கொண்டு பேட்டரியையும் சார்ஜ் செய்யும் பெட்டி. வீட்டில் நாம் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் செய்வதற்கு நேர்மாறான வேலை இது. எங்கள் வண்டியில் இருந்தது 30 ஆம்பியர் என்று எழுதியிருந்த பெட்டி. சமையல் மேடைக்குக் கீழே, பாத்திரம் வைக்கும் அலமாரிக்கு அடுத்து, காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளிகூட இல்லாத இடத்தில் அதைப் பொருத்தியிருந்தார்கள். முகப்பில் ஒரு பச்சை விளக்கு உண்டு. 12 வோல்ட் 150 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுள்ள டியூப்ளர் பேட்டரி (அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டிய ஈய அமில வகை), வண்டியின் பின்பக்கத்தில் படுக்கைக்கு அடியில் இருந்தது.

வண்டி வந்த இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. வெளியே போக வழியில்லாததால் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் வாசலிலேயே பிளக்கைச் சொருகி மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். பங்குனியும் சித்திரையும் வைகாசியும் அப்படியே கழிந்தன. பாளையங்கோட்டை வெயிலில் மூடிக் கிடக்கும் வேனுக்குள் சூடு எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முடிவதற்குள் பேட்டரி படுத்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் ஆறு அறைகளில் நான்கில் தகடுகள் தண்ணீருக்கு மேலே காய்ந்து நின்றன. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றத் தவறியது என் குற்றம் என்று எண்ணிக்கொண்டேன். பாதி அளவுக்கு அது உண்மையும்கூட.

தண்ணீர் ஊற்றும் தொல்லையே வேண்டாம் என்று இரண்டாவதாக, முழுக்க மூடிய பேட்டரியை 2021 ஜனவரியில் வாங்கிப் போட்டேன். இந்த முறை வண்டி நன்றாக ஓடியது. உவரி, மணப்பாடு, குற்றாலம், களக்காடு என்று போனோம். எங்கே போனாலும் நமக்கு மின்சாரம் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம்தான். கல்யாண மண்டபத்துக் காவலரிடம் கேட்டோ, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒயர் இழுத்தோ சார்ஜ் போடுவோம். பச்சை விளக்கு எரியும். நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்புவோம். முதல் சில மாதங்கள் இரவு முழுக்கத் தாங்கிய பேட்டரி, பிறகு விடியற்காலை நான்கு மணி வரை, பிறகு மூன்று மணி வரை என்று சுருங்கிக்கொண்டே வந்தது. விளக்கு மங்குவது போலத் தோன்றும், மோட்டார் இழுத்துப் பேசும். இவை எல்லாம் பேட்டரியின் வயதுக்கான அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன், ஆனால் அதற்கு வயது ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

2022 ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பதற்காக முந்தின நாள் மாலையே பாபநாசம் போய், ஆற்றுக்குச் சற்று எட்டத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். பிற்பகலில் அம்பாசமுத்திரத்தில் உறவினர் வீட்டில் மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டிருந்தோம். இரவு இரண்டு மணிக்குப் பிறகு பிரிட்ஜிலிருந்து விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தபோது உள்ளே 14 டிகிரி காட்டியது. மின்னழுத்தம் குறைந்ததால் கம்ப்ரசர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். காலையில் மருந்துக்கடையில் கேட்டபோது, சில மணி நேரம்தான், அதுவும் 14 டிகிரியில்தான் என்பதால் பயமில்லை என்றார்கள். ஆடி மாதத்து மலையடிவாரக் காற்று அன்று காப்பாற்றியது. இதே நிகழ்ச்சி சித்திரையில் உவரிக் கடற்கரையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அன்று திரும்பும் வழியெல்லாம் நான் பேசவே இல்லை.

மூன்றாவது பேட்டரி வாங்குவதற்காக வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். நாற்பது ஆண்டுகளாக லாரிகளுக்கும் பஸ்களுக்கும் வயரிங் செய்பவர். பழைய பேட்டரி எத்தனை மாதம் உழைத்தது என்று கேட்டார். அதற்கு முந்தினது எத்தனை மாதம் என்றும் கேட்டார். இரண்டையும் கேட்ட பிறகு, "அண்ணாச்சி, ரெண்டு பேட்டரி போயிருக்குன்னா பேட்டரி மேல பழி போடாதீய. சார்ஜ் பண்ணுததப் பாப்போம்" என்றார். கடைப் பிளக்கில் வண்டியைச் சொருகினார். பிரிட்ஜையும் ஒரு விசிறியையும் போடச் சொன்னார். பிறகு மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கன்வெர்ட்டரின் திருகுகளிலேயே வைத்தார். 13.6 காட்டியது. அப்படியே பின்பக்கம் போய்ப் படுக்கைப் பலகையைத் தூக்கி, பேட்டரியின் முனைகளில், ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்கின் மேல் அல்லாமல் ஈயத்தின் மேலேயே அழுத்தி வைத்தார். 13.1 காட்டியது. ஓடும் ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினார். பாதிக்கு மேல் காலியாக இருந்த பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்தது 9 ஆம்பியர்தான். அரை மணி நேரத்தில் அது ஆறாக இறங்கியது. 30 ஆம்பியர் பெட்டியின் பச்சை விளக்கு அவ்வளவு நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு என் கையைப் பிடித்து பியூஸ் ஹோல்டரின் மேல் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து லக்கைத் திருகிக் கழற்றியபோது உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. மணப்பாட்டிலும் உவரியிலும் நாங்கள் கழித்த நாட்களின் உப்புக்காற்று அங்கே உட்கார்ந்திருந்தது. லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்கள், கிரிம்பிங் கருவி கொண்டு அழுத்தவில்லை. அதனால் காற்றும் ஈரமும் உள்ளே போக இடம் இருந்தது.

அந்த அரை வோல்ட் எங்கே போனது என்ற கணக்கை அவர் ஒரு அட்டையின் பின்புறம் எழுதிக் காட்டினார். அந்த அட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது. கன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்குப் போட்டிருந்தது 6 ஸ்கொயர் எம்எம் ஒயர். அந்தப் பருமனுள்ள செம்பு ஒயரின் தடை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி ஓம். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று பத்து மீட்டருக்கு 30 மில்லி ஓம் ஆகிறது. 9 ஆம்பியர் போகும்போது கால் வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஒயரே தின்றுவிடும். மீதிக் கால் வோல்ட்டைப் பச்சை பூத்த லக்கும் பியூஸ் ஹோல்டரும் தின்றன. 30 ஆம்பியரும் அந்த ஒயரில் போவதாக வைத்துக்கொண்டால் ஒயரில் மட்டும் 0.9 வோல்ட் போய்விடும். வீட்டு வயரிங்கில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில், காலி பேட்டரிக்கும் நிறைந்த பேட்டரிக்கும் உள்ள வித்தியாசமே முக்கால் வோல்ட் அளவுதான் என்பதால், அரை வோல்ட் என்பது பெரிய தொகை.

ஆனால் ஒயரைச் சரிசெய்தால் மட்டும் தீரக்கூடிய குறை இல்லை அது. அதை எனக்குப் புரிய வைத்தவர் டெக்சஸில் இருக்கும் என் தங்கை மகன். அவன் அங்கே ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டி ஒன்று வைத்திருக்கிறான். "மாமா, உங்க கன்வெர்ட்டர் எப்பவுமே 13.6லயே நிக்குதா, 14.4க்கு ஏறுதா?" என்று கேட்டான். நான் பார்த்த வரையில் எப்போதும் 13.6தான். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக மலிவான வண்டிகளில் இப்படி ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும் கன்வெர்ட்டர்களைத்தான் பொருத்திக் கொடுத்து வந்தார்கள் என்றான். அங்கே வண்டி நிறுத்தும் பூங்காக்களில் ஒவ்வொரு இடத்திலும் 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர் மின்கம்பம் நிற்கும். மக்கள் நாள்கணக்கில் சொருகியே வைத்திருப்பார்கள். மெதுவாக ஏறினாலும் நாளைக்குள் ஏறிவிடும் என்பதால் குறை வெளியே தெரியாது. நம் ஊரில் மூன்று மணி நேரம் திண்ணைச் சார்ஜில் பிழைக்கும் வண்டிக்கு அதே வகைப் பெட்டியைப் பொருத்தியதில்தான் பிழை இருக்கிறது.

ஈய அமில பேட்டரியை முறையாக நிரப்ப மூன்று கட்டம் வேண்டும். முதலில் பெட்டியால் முடிந்த முழு ஆம்பியரையும் தள்ள வேண்டும். மின்னழுத்தம் 14.4 வாக்கில் ஏறியதும் அதை அங்கேயே பிடித்துவைத்து, உள்ளே போகும் ஆம்பியர் தானாகச் சுருங்கும் வரை காத்திருக்க வேண்டும். நிறைந்த பிறகு 13.5 அளவுக்கு இறக்கிவிட வேண்டும். 13.6லேயே நிற்கும் பெட்டி, பயணத்தில் இருக்கும் பேட்டரிக்குப் போதாது, பேட்டரி என்றைக்கும் முழுதாக நிறைவதில்லை. நிறையாமல் கிடக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, நாளடைவில் கொள்ளளவே குறைந்துபோகிறது. எங்கள் இரண்டாவது பேட்டரி இப்படித்தான் செத்தது.

அதே 13.6, வெயிலில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதிகம் என்பது எனக்கு மிகவும் வியப்பாக இருந்த செய்தி. பேட்டரி மின்னழுத்தங்கள் எல்லாம் 25 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுபவை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.02 முதல் 0.03 வோல்ட் வரை குறைத்துக் கொடுக்க வேண்டும். 40 டிகிரியில் நிற்கும் பேட்டரிக்கு 13.5க்குப் பதிலாக 13.1 அல்லது 13.2தான் பொருந்தும். கூடுதலாகக் கொடுப்பது தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கி வெளியே அனுப்புகிறது. ஊரடங்கு மாதங்களில் எங்கள் முதல் பேட்டரி காய்ந்ததற்கு நான் தண்ணீர் பார்க்காதது பாதிக் காரணம், வெப்பத்தை அறியாத அந்தப் பெட்டி மறுபாதி. ஒரே பெட்டி ஒரு பேட்டரியைப் பட்டினி போட்டும் இன்னொன்றை வாட்டியும் கொன்றிருக்கிறது. சூட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. நெல்லைச் சீமையில் இதை மறந்துவிட்டு எந்தப் பேட்டரியையும் வைக்க முடியாது.

பெட்டியைக் கழற்றித் திறந்தபோது அதன் கதையும் தெரிந்தது. உள்ளே இருந்த சிறு விசிறியின் இறக்கைகளிலும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகளிலும் சிவப்பு மண் அப்பியிருந்தது. சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் தேரிக்காட்டுப் பக்கம் ஆடிக்காற்றில் போனவர்களுக்கு அந்த மண்ணைத் தெரியும், மாவு போல எந்தச் சந்திலும் நுழையும். விசிறி சுற்றாததால் பெட்டி சூடேறி, தன் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. அலமாரியில் காற்றுப் போக வழி இல்லாததும் சேர்ந்துகொண்டது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷாலும் காற்றாலும் சுத்தம் செய்கிறேன், ஐந்து நிமிட வேலை.

மின்சாரம் கொடுக்கும் இடத்தையும் அளக்க வேண்டும் என்பதை ஒரு கோயில் கொடையில் தெரிந்துகொண்டேன். சீரியல் செட்டும் ஒலிபெருக்கியும் ஒரே லைனில் ஓடிக்கொண்டிருக்க, முப்பது மீட்டர் மெல்லிய ஒயரில் எங்களுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். வண்டிக்குள் 172 வோல்ட்தான் வந்தது. கன்வெர்ட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. அன்று சார்ஜ் ஏறவே இல்லை. இப்போது 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் சொந்தமாக ஒரு நீட்டிப்புப் பெட்டி வைத்திருக்கிறேன், சொருகியதும் முதல் வேலையாக உள்ளே வரும் வோல்ட்டைப் பார்க்கிறேன்.

சரிசெய்த விதம் இது. பழைய கன்வெர்ட்டரைத் தூக்கி எறியவில்லை, பேட்டரியோடு அதற்கிருந்த இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, வெளி மின்சாரம் இருக்கும்போது விளக்குக்கும் விசிறிக்கும் கொடுக்கும் வேலையோடு நிறுத்திவிட்டோம். சார்ஜ் செய்வதற்கென்று மூன்று கட்டமாக வேலை செய்யும் 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்றை, பேட்டரியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், இரு பக்கமும் காற்றுப் போகும்படி பொருத்தினோம். பேட்டரியின் முனையில் ஒட்டவைக்கும் வெப்ப உணரி உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். இந்த ஊருக்கு அது இல்லாமல் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒயர் 25 ஸ்கொயர் எம்எம். 30 ஆம்பியர் போகும்போதும் அதில் இழப்பு 0.05 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. லக்குகளைக் கருவியால் அழுத்தி, மேலே சுருங்கும் ரப்பர் குழாய் போட்டு, முனைகளில் வாசலின் தடவினார் எலக்ட்ரீசியன். பியூஸைப் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தார். பேட்டரியாகத் திரும்பவும் தண்ணீர் ஊற்றும் டியூப்ளரையே வாங்கினேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பார்க்கவும் அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் அளக்கவும் முடியும் என்பதே காரணம். சார்ஜ் ஆகும்போது வாயு வரும் என்பதால் பேட்டரிப் பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாயும் விட்டோம். மொத்தச் செலவு, நான் தேவையில்லாமல் வாங்கிய அந்த இரண்டாவது பேட்டரியின் விலையைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

ஆனாலும் மூன்று மணி நேரத் திண்ணைச் சார்ஜில் ஈய பேட்டரியை முழுதாக நிரப்ப எந்தச் சார்ஜராலும் முடியாது. முதல் எண்பது விழுக்காடு வேகமாக ஏறும். கடைசி இருபது விழுக்காட்டுக்கு நான்கு ஐந்து மணி நேரம் ஆகும், பெரிய சார்ஜர் போட்டாலும் அது குறையாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் பேட்டரி தான் விரும்பும் அளவைத்தான் வாங்கிக்கொள்ளும். பிரிட்ஜும் விசிறியும் சேர்ந்து ஓர் இரவில் எங்களுக்கு 70 ஆம்பியர் ஹவர் வரை எடுக்கும். அந்தக் கடைசி இருபதை நிரப்புவதற்காகவே கூரையில் 200 வாட் சோலார் பலகை போட்டேன். பகலெல்லாம் அது மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், சார்ஜரால் முடியாத வேலையை வெயில் முடித்துவைக்கிறது. முன்பே இதைச் சேர்த்திருந்தால் அந்த இரண்டாவது பேட்டரி இன்னும் சில காலம் இருந்திருக்கும்.

லித்தியம் போடலாமே என்று கேட்பவர்களுக்கு, தென்காசியில் என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்வேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நல்ல பொருள்தான், 13.6 வோல்ட்டிலும் ஓரளவு நன்றாகவே ஏறும். அவர் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் பழைய இணைப்பை அப்படியே விட்டுவிட்டார். லித்தியம், கொடுப்பதை எல்லாம் தயங்காமல் இழுக்கும் குணம் உடையது. செங்கோட்டை நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடியபடி நெடுநேரம் நின்றபோது ஆல்டர்னேட்டர் கருகிவிட்டது. நடுவில் ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எதைப் போட்டாலும் சார்ஜ் செய்யும் வழியை முதலில் பார்த்துவிட்டுப் பேட்டரியைப் பிறகு தேர்ந்தெடுப்பதே சரி.

வண்டி செய்து தந்த நிறுவனத்துக்கு இந்த அளவுகளை எல்லாம் எழுதி அனுப்பினேன். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருப்பதாகவும், 13.6 கொடுப்பதுதான் அதன் வேலை என்றும் பதில் வந்தது. அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் வாங்குபவர் கேட்பது பெட்டி வேலை செய்கிறதா என்பதை அல்ல, பேட்டரி நிறைகிறதா என்பதை. புதிதாக வீட்டு வண்டி செய்யக் கொடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் சார்ஜர் எத்தனை வோல்ட் வரை ஏறும், வெப்பத்துக்கு ஏற்பக் குறையுமா, பேட்டரிக்கும் அதற்கும் இடையில் எத்தனை ஸ்கொயர் எம்எம் ஒயர் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும் நாளில் பேட்டரியைப் பாதி இறக்கி, பிளக்கைச் சொருகி, பேட்டரியின் முனையிலேயே மீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீசியன் எனக்குச் செய்து காட்டிய அந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாவது பேட்டரி 2022 ஆவணியில் போட்டது. மூன்று ஆண்டுகளைத் தாண்டியும் விடியற்காலையில் பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே 12.3க்குக் கீழே இறங்கியதில்லை. மாதம் ஒருமுறை ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். சென்ற மாதம் நான்காவது அறை மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டியது. மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போவதற்குள் எல்லா அறைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் சமன் சார்ஜை ஒரு நாள் முழுக்கப் போட்டு, மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் பக்கத்து ஒயர் இன்னும் பழையதுதான், அதையும் அப்போதே மாற்றித் தரச் சொல்லி எலக்ட்ரீசியனிடம் நாள் கேட்டிருக்கிறேன்.